வந்து சேர்ந்த உருப்படி

காலையில் பட்டியைத் திறந்து ஆடுகளை வெளியே விடும்போது ஓர் உருப்படி கூடுதலாக இருந்தால் அதை அக்கம்பக்கத்துக் கிடைகளுக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லிவிட வேண்டும், சொல்லிவிட்டு அதன் கழுத்தில் தன் மணி ஒன்றைக் கட்டி, தன் ஆட்டுக்குக் கிடைப்பதை அதற்கும் கொடுத்து, காதில் கத்தி படாமல் வைத்திருக்க வேண்டும், தேடி வருகிறவன் காதுவெட்டின் அடையாளத்தைக் கண்ணால் பார்க்காமல் வாயால் சொன்னால் மறுபேச்சில்லாமல் அவிழ்த்துவிட வேண்டும், சொல்லத் தெரியாதவன் ராஜாவாக இருந்தாலும் கொடுக்கக் கூடாது. ஊர் ஊராகப் போய் அறுத்த வயல்களில் எருவுக்காக ஆடு மடக்கிப் பிழைக்கும் கிடைக்காரர்களின் சட்டம் இது. இதை மீறினால் கிடையைக் கலைத்து ஆடுகளைப் பங்காளிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே மாசி மாதத்தில் ஒரு காலை, நெடுங்கண்மாய் கிராமத்தில் சோணை அம்பலத்தின் வயலில் போட்டிருந்த தன் கிடைக்குள், தரைக்கு ஒரு முழம் மேலே மிதந்தபடி ஓர் உருப்படி கூடுதலாக இருந்ததைக் கண்ட ராக்காயி, அது என்ன என்று யாரையும் கேட்கவில்லை. யாருடையது என்றுதான் கேட்டாள்.

அது ஓர் இளங்குட்டியின் பருமன்தான் இருந்தது. சாம்பல் நிறம். தலை எது வால் எது என்று சொல்ல முடியாது. தொட்டால் இப்போதுதான் பால் குடித்த குட்டியின் வயிறுபோலச் சூடு. கால் இல்லாததால் அதைக் குறை சொல்ல ஏதுமில்லை, மிதந்தாவது கிடையோடு நிற்கிறதே என்று ராக்காயி நினைத்துக்கொண்டாள். ஆனால் அது முனகியது. ஓயாமல், ஒரே சுருதியில், அடிவயிற்றில் போய்ப் பிடிப்பதுபோல முனகியதில் நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டன, ஆடுகள் மேய மறுத்தன. முந்தின நாள்தான் கருமூக்கி என்ற ஆடு குட்டியைப் பறிகொடுத்து மடி கட்டிப்போய் நின்றது. தாய் இல்லாத குட்டியையும் குட்டி இல்லாத தாயையும் சேர்த்துவைக்கக் கிடையில் எப்போதும் செய்வதை ராக்காயி இப்போதும் செய்தாள். செத்த குட்டியின் தோலை எடுத்து வந்து, அந்த உருப்படிக்குப் போர்த்தி, வயிற்றுப்பக்கம் கயிறு போட்டுக் கட்டினாள். அப்படிக் கட்டும்போது அதன் அடிப்பக்கத்தில் ஓர் அடையாளத்தைப் பார்த்தாள். பிறை மாதிரி ஒரு வெட்டு, பிறைக்குப் பக்கத்தில் இரண்டு துளைகள். யாரோ ஒருவர் தன் கையால் போட்டது. அதை அவள் மட்டும்தான் பார்த்தாள், பார்த்ததும் தோலை இழுத்து மூடிவிட்டாள். கருமூக்கி வந்து மோந்து பார்த்தது, ஒரு சுற்று சுற்றியது, பிறகு அதன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. முனகல் நின்றது. சாயங்காலம் பார்த்தால் கருமூக்கியின் மடி வற்றியிருந்தது.

இதில் ராக்காயிக்கு ஒரு பயம் இருந்தது, அதைச் சொல்லிவிட வேண்டும். அவள் புருஷன் ஒச்சப்பன் பாம்பு கடித்துச் செத்தபோது கிடைக்காரர் கூட்டம் கூடி, பொம்பளை ஆடு மேய்க்கலாம், வந்து சேர்ந்த ஆட்டுக்குப் பதில் சொல்ல முடியுமா என்று கேட்டது. சொல்ல முடியும் என்று சொல்லித்தான் அவள் புருஷனின் தொரட்டிக்கோலைக் கையில் வாங்கினாள். அன்றிலிருந்து அவள் பட்டியில் சேர்ந்த ஒவ்வோர் ஆடும் அவளுக்கு ஒரு பரீட்சை. ஒன்று தவறினால் கிடை அவள் கொழுந்தன் மாயழகுவுக்குப் போகும். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் போகும்.

ஆவரங்குளம் காவல் நிலையத்தில் சப் இன்ஸ்பெக்டர் ஜெயசீலன் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"எங்கேருந்து வந்துச்சு?"

"தெரியலங்கய்யா. காலையில பட்டியில இருந்துச்சு."

"கெடாவா, பொட்டையா?"

"அது பிடிபடலங்கய்யா. பறக்கிற சாதி. எளங்குட்டி. தேடி யாராச்சும் வந்தா அடையாளத்தோட நம்ம கிடைக்கு வரச் சொல்லுங்க."

ஜெயசீலன் சொன்னதைச் சொன்னபடி மேலே அனுப்பும் மனிதர். பறக்கிறது, எங்கிருந்து வந்தது என்று தெரியாது, உரியவர் யாரென்று தெரியாது என்று அவர் அனுப்பிய செய்தி மாவட்டத்துக்குப் போய், அங்கே யாரும் சிரிக்கத் துணியாமல் சென்னைக்குப் போய், அங்கிருந்து இன்னும் மேலே போய், கடைசியில் யாரிடம் போய்ச் சேர வேண்டுமோ அவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

அவர்கள் வருவதற்குள் நெடுங்கண்மாய்க்காரர்களுக்கு அது பழகிவிட்டது. முதலில் வந்து பார்த்தவர்கள் இரண்டாவது தடவை வரும்போது ஈரத்துணியோடு வந்தார்கள், ஏனென்றால் அதன் பக்கத்தில் விரித்தால் சீக்கிரம் காய்ந்தது. மூட்டுவலிக்காரர்கள் வந்து முட்டியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். மிளகாய் காயப்போட வந்த ஒருத்தியைக் கருமூக்கி முட்டித் தள்ளியது. உருப்படி சேட்டை செய்து வேலிக்கு மேலே ஏறினால், கிடைப் பக்கம் போகிற யாராவது ஒருவர், எறங்கு கழுதை என்று அதட்டுவார், அது கழுத்து இல்லாத இடத்தில் கட்டியிருந்த மணி குலுங்க இறங்கிவிடும். டீக்கடையில் அதைப் பற்றிப் பேச்சு ஓய்ந்து மறுபடியும் கண்மாய்த் தண்ணீர்ப் பிரச்சினையைப் பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் ஜீப்புகள் வந்தன.

விசாரணைக் குழுவின் தலைவர் கேசவமூர்த்தி நல்ல மனிதர், அதுதான் சிக்கல். கத்துகிற அதிகாரியாக இருந்தால் பதிலுக்குக் கத்தலாம். அவர் வயலைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டச் சொன்னார், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வந்து ராக்காயிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"இதை முதல்ல பார்த்தது நீங்கதானாம்மா?"

"ஆமாங்கய்யா."

"எந்தத் திசையிலேருந்து வந்துச்சு, வெளிச்சம் ஏதாவது வந்துச்சா, சத்தம்?"

"நான் பாக்குறப்ப கிடைக்குள்ள இருந்துச்சு. கெடந்து கத்துச்சு. வேற எதும் தெரியாது."

"மேல போர்த்தியிருக்கிறது?"

"குட்டித் தோலு. நான்தான் போட்டேன்."

பக்கத்தில் நின்ற உதவியாளர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் மேலிடத்துக்கு இதெல்லாம் போனபோது அங்கிருந்து வந்த உத்தரவு தெளிவாக இருந்தது. பொருள் எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையிலேயே கொண்டுவரப்பட வேண்டும், வெளித்தோலை யாரும் அகற்றக் கூடாது, அதனோடு தொடர்பு கொண்ட பிராணிகள் எதையும் வயலைவிட்டு வெளியே விடக் கூடாது. அப்படியாக ஒரு செத்த குட்டியின் தோல் அரசாங்கத்தின் பாதுகாப்புக்குள் வந்தது, உயிரோடிருந்த ஆடுகள் எல்லாம் நாடாவுக்குள் மாட்டிக்கொண்டன.

கிடை என்பது ஒரே இடத்தில் நிற்கிற பொருளே அல்ல. அறுத்த தாள்களை ஆடுகள் வேர்வரைக்கும் கடித்துத் தின்றன, வரப்பைத் தின்றன, பிறகு தின்ன ஒன்றும் இல்லாமல் மண்ணை மோந்துகொண்டு நின்றன. தண்ணீர் லாரி ஒருநாள் வந்தது, ஒருநாள் வரவில்லை. ஊர்க்காரர்கள் வேப்பங்குழையும் கருவேல நெற்றுமாகக் கொண்டுவந்து நாடாவுக்கு மேலே வீசினார்கள், ஆனால் ஒரு கிடையை வீசி வளர்க்க முடியாது. சோணை அம்பலம் ஒருவர் மட்டும் உள்ளூர மகிழ்ந்தார், ஆட்டுப் புழுக்கை தன் வயலிலேயே குவிகிறதே என்று. அதைக் கண்டு பொறுக்காத பக்கத்து வயல்காரர்கள், அடுத்தது எங்கள் முறை, ஒரே ஆளுக்கு இவ்வளவு எருவா என்று கேசவமூர்த்தியிடமே போய் மனு கொடுத்தார்கள், அவர் அதையும் விசாரிப்பதாகச் சொன்னார். அன்று சாயங்காலம் ஒரு கிழட்டு ஆடு முன்னங்கால் மடங்கி விழுந்து எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அம்பலமும் மகிழவில்லை.

மாயழகு ராக்காயியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் உதடு வெடித்திருந்தது.

"மதினி, குடுத்துருங்க. குடுத்தா மத்த ஆடுகள இன்னைக்கே வெளிய விடுறேன்னு அந்த அய்யா சொல்றாரு."

"அடையாளம் சொன்னாரா?"

"கவருமெண்டுகிட்டப் போயி அடையாளமா கேப்பீங்க?"

"குடுத்தேன்னா நாளைக்கே கூட்டம் போட்டு கிடையக் கலைச்சுருவாக. ஒனக்குத்தான் வரும். வேணுமா?"

"எனக்கு வேணாம்னு நான் சொல்லல," என்றான் அவன், வெட்கப்படாமல். "ஆனா உசுரோட வரணும்ல. செத்த ஆட்ட வாங்கி நான் என்ன செய்ய? நீங்க என்ன செய்வீக?"

அவன் சொன்னதில் தப்பில்லை என்று ராக்காயிக்குத் தெரிந்தது. கொடுத்தால் ஆடு பிழைக்கும், அவள் கையில் இருக்காது. கொடுக்காவிட்டால் அவள் கையிலேயே செத்துப்போகும். அவள் எழுந்து போய் விழுந்து கிடந்த ஆட்டின் வாயில் தன் பங்குத் தண்ணீரை ஊற்றினாள், அது விழுங்கவில்லை.

மறுநாள் காலை கேசவமூர்த்தி வந்தார். உச்சிப்பொழுதுக்கு லாரி வரும், ஏற்றிவிடுவோம், உங்களைக் கஷ்டப்படுத்த வேண்டும் என்று எங்களுக்கு ஆசையில்லை என்றார். கூட ஒரு விஷயமும் கேட்டார்.

"நான் அடையாளம் சொன்னா நீங்களே கொடுத்துடுவீங்களா?"

"சொல்லுங்க. ஓட்டிட்டுப் போங்க."

அவர் யோசித்தார். அதன் எடை அவருக்குத் தெரியும், சூடு தெரியும், எந்த உலோகத்தோடும் ஒத்துப்போகாதது என்று தெரியும். ஒவ்வொன்றாகச் சொன்னார். ராக்காயி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

"அதெல்லாம் பாத்தவுக எல்லாருக்கும் தெரியுமேய்யா. பெத்தவுக, வளத்தவுகளுக்கு மட்டும் தெரியிறது ஒண்ணு இருக்கு. அதச் சொல்லுங்க."

"தோலைத் தூக்கிப் பார்த்தா தெரிஞ்சிடும். இல்லையா?"

"பாத்துட்டுச் சொன்னா அது களவு."

அவர் அந்தத் தோலைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விட்டார். உத்தரவுக்குப் பயந்தா, அவளுக்குப் பயந்தா என்று ஊரில் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள்.

உச்சிப்பொழுதில் லாரி வந்தது. துப்பாக்கியோடு ஆட்கள் வந்தார்கள். ஊர் முழுக்க நாடாவுக்கு வெளியே நின்றது. கையுறை போட்ட நாலு பேர் அந்த உருப்படியை குட்டிகளை அடைக்கும் மூங்கில் கூடாப்போடு தூக்கினார்கள், அது முரண்டு பிடிக்கவில்லை, ராக்காயியின் மணி மட்டும் உள்ளே கிணுகிணு என்று அடித்துக்கொண்டிருந்தது. கருமூக்கி கத்திக்கொண்டே லாரிச் சக்கரம்வரை ஓடியது, அதன் பின்னாலேயே எழுந்து நிற்கத் தெம்புள்ள ஆடுகள் எல்லாம் ஓடின, காவலர்கள் லத்தியால் தள்ளினார்கள், ராக்காயி தொரட்டியைக் குறுக்கே பிடித்துக்கொண்டு லாரிக்கு முன்னால் போய் நின்றாள். ஜெயசீலன் அவள் கையைப் பிடிக்க வந்தார். அப்போது வயலில் நிழல் விழுந்தது.

மேகம் மறைத்தால் வருகிற நிழலாக அது இல்லை, ஓரம் கத்தரித்த நிழல். சோணை அம்பலத்தின் வயலையும் அதற்கடுத்த வயலையும் கண்மாய்க் கரையையும் மூடிக்கொண்டு அசையாமல் நின்றது. மேலே பார்த்தால் சாம்பல் நிறம் தவிர வேறெதுவும் இல்லை. குளிர்ந்தது. லாரிக்குள்ளிருந்து, தோல் போர்த்திய நாளிலிருந்து வராத அந்த முனகல் வந்தது. மேலேயிருந்து அதே முனகல், ஆனால் பூமிக்குள் இறங்குகிற கனத்தோடு, பதில் சொன்னது. துப்பாக்கிக்காரர்கள் தரையில் படுத்தார்கள். சில தாய்மார்கள் பிள்ளைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

"அம்மா," என்றார் கேசவமூர்த்தி. "கொடுத்துடுங்க. உடனே கொடுத்துடுங்க."

"அடையாளம் சொல்லாமயா?"

"அம்மா, மேல பாருங்க."

"பாத்தேன். காலையில ஒங்களுக்கு ஒரு நாயம் சொன்னேன், இப்ப பெருசா வந்துட்டாகன்னு மாத்திச் சொல்லட்டுமா?"

அவளுக்கும் பயம்தான். ஆனால் தொரட்டியை ஊன்றிக்கொண்டு வயலின் நடுவே போனாள், அண்ணாந்து பார்த்தாள், தேடி வந்த எந்தக் கிடைக்காரனிடமும் கேட்பதுபோல, சத்தம் கூட்டாமல், மரியாதை குறையாமல் கேட்டாள்.

"வாங்க. வெரசா வந்திருக்கலாம், பிள்ளை ஏங்கிப்போச்சு. அடையாளம் சொல்லுங்க."

ஒன்றும் நடக்கவில்லை. முனகலும் நின்றுவிட்டது. அந்த நிசப்தத்தில் ஊர் தன் முடிவுக்காகக் காத்து நின்றது, சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள், சோணை அம்பலம் தன் வயலை ஒருதரம் கடைசியாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு நிழலின் நடுவில், ராக்காயியின் காலடியில், வெயில் விழுந்தது. முதலில் ஒரு கீற்றாக விழுந்து, அகன்று, வளைந்து, பிறையாக நின்றது. பிறைக்குப் பக்கத்தில் இரண்டு வட்டமாக வெயில் விழுந்தது.

ராக்காயி அதைச் சுற்றி நடந்து பார்த்தாள், அவசரப்படவில்லை. பிறகு லாரிக்குப் போய், கூடாப்பை நிமிர்த்தி, கயிற்றை அவிழ்த்துத் தோலை எடுத்தாள், உருப்படியைத் திருப்பிக் கேசவமூர்த்தியிடம் காட்டினாள். அவர் பார்த்தார், வயலில் கிடந்த வெயிலைப் பார்த்தார், ஆமாம் என்பதுபோலத் தலையசைத்தார். யார் சாட்சி என்று கிடைக்காரர் கூட்டம் நாளைக்குக் கேட்டால் சொல்ல ஓர் ஆள் வேண்டும் அல்லவா. அவள் தன் மணியை அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டாள்.

"போய்ட்டு வா," என்றாள்.

அது எழும்பியது. அதோடு கருமூக்கியும் எழும்பியது. தோல் போனாலும் குட்டி குட்டிதான் என்று அது முடிவு செய்திருக்க வேண்டும், அண்ணாந்து கத்திக்கொண்டே முன்னங்காலைத் தூக்கியது, பின்னங்காலும் தரையை விட்டது, மாயழகு பாய்ந்து வாலைப் பிடிப்பதற்குள் அது பனை உயரம் போயிருந்தது. ராக்காயி அப்போதுதான் முதல்முறையாகக் கத்தினாள்.

"அது எங்க ஆடு! எடது காதுல மேவெட்டு, வலது காதுல ஓட்டை! ராக்காயி கிடை!"

நிழல் விலகியது. வெயில் பழையபடி கொளுத்தியது. வானத்தில் ஒரு காக்காய்கூட இல்லை.

கேசவமூர்த்தி அன்றே நாடாவை அவிழ்க்கச் சொன்னார். உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொண்டார் என்று மேலிடத்துக்குச் சொன்னதாகவும், அதற்காக அவருக்கு மாற்றல் கிடைத்ததாகவும் பின்னால் தெரிந்தது. ஆடுகள் கண்மாய்க்கு ஓடித் தண்ணீரில் வைத்த வாயை எடுக்கவே இல்லை. ராக்காயி நேரே காவல் நிலையத்துக்குப் போனாள்.

"ஆடு ஒண்ணு காணலங்கய்யா."

"எந்தப் பக்கம் போச்சு?" என்று கேட்டார் ஜெயசீலன். அவள் விரலை மேலே காட்டினாள். அவர் சிரிக்கவில்லை, மேலே என்றே பதிந்துகொண்டார்.

கிடைக்காரர் கூட்டமும் கூடியது. வந்த உருப்படியை அடையாளம் கேட்டுத்தான் கொடுத்தாள் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை, தொரட்டி அவள் கையிலேயே இருக்கட்டும் என்றார்கள். ஆனால் கருமூக்கியைக் களவு போனதாக எடுத்துக்கொள்வதா, வழி தவறிப் போய்ச் சேர்ந்ததாக எடுத்துக்கொள்வதா என்பதில்தான் வாதம் முற்றியது. மேலே இருக்கிறவர்களுக்கு நம் சட்டம் தெரியுமா என்று ஒருவர் கேட்டார். அடையாளம் கேட்டதும் சொன்னார்களே என்றாள் ராக்காயி. சொன்னார்கள், வாங்கிக்கொண்டார்கள், ஆனால் கொடுப்பார்களா என்று கேட்டார் அவர். அந்த வருஷம் முழுக்க அவள் எந்த ஊர் வயலில் கிடை போட்டாலும் உச்சிவெயிலில் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். ஓர் ஆட்டுக்காக இவ்வளவு ஏக்கமா என்று மாயழகு கேட்டான். ஆட்டுக்காகவா, நம்பினதுக்காகவா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

அடுத்த மாசியில் அறுப்பு முடிந்ததும் கிடை நெடுங்கண்மாய்க்கு வந்தது. பட்டி போட்டு ஆடுகள் படுத்துப் பழகுவதற்குள், ஓர் உச்சிப்பொழுதில் நிழல் வந்து விழுந்தது. ஊர் கூடியது, இந்த முறை யாரும் ஓடவில்லை, துணி காயப்போட்டிருந்தவர்கள் மட்டும் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார்கள். நிழல் நின்றது. நின்றுகொண்டே இருந்தது. முனகல் இல்லை, வெளிச்சம் இல்லை, எதுவும் இறங்கவும் இல்லை.

"என்ன மதினி வேணுமாம்?" என்றான் மாயழகு, பயந்து போய். "இன்னொண்ணு கேக்குதா?"

ராக்காயி அண்ணாந்து பார்த்தபடி இருந்தாள். அவளுக்கு மெல்லப் புரிந்தது, புரிந்ததும் கண் நிறைந்துவிட்டது. வயலின் நடுவே போய் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எடது காதுல மேவெட்டு," என்றாள் தெளிவாக. "வலது காதுல ஓட்டை. மூக்கு கருப்பு."

கருமூக்கி இறங்கி வந்தது. கொழுத்திருந்தது. கால் தரையில் பட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல எதிரே கிடந்த தாளைக் கடித்தது. நிழல் கலைந்து போனதைக்கூடக் கவனிக்காமல் ராக்காயி அதன் கழுத்தைத் தடவினாள். மணிபோல எதையோ வெகுநாள் கட்டியிருந்து அவிழ்த்த தடம் மயிரில் வளையமாக அமுங்கியிருந்தது. அவள் இரண்டு காதையும் வெயிலுக்கு விரித்துப் பார்த்தாள். அவள் போட்ட வெட்டும் அவள் போட்ட ஓட்டையும் இருந்தன. புதிதாக ஒன்றும் இல்லை.